பழைய ரெகுலேற்றர் வாங்குபவர்களுக்கு, ஒரு சாண் ஆழத்திலிருந்து

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. வேலையில் இருந்தபோது எனக்கு இவ்வளவு வேலை இருந்ததில்லை. காலையில் தேநீரோடு உட்கார்ந்தால் கைத்தொலைபேசியில் ஒரு படம் வந்து விழும். பூப்போட்ட கட்டில் விரிப்பின் மேல் கறுப்பு ரப்பர் குழாய்கள் சுருண்டு கிடக்கும். கீழே ஒரு வரி: "அங்கிள், இது ஓகேயா? இண்டைக்கே சொல்லுங்கோ, வேற ஆக்களும் கேக்கினமாம்."

வேறு ஆட்களும் கேட்கிறார்கள் என்று யார் சொன்னது? விற்கிறவர்தான். வேறு யார் சொல்வார்கள்? கைரேகை பார்க்கிறவர்கூடக் கையை நேரில் கொண்டுவரச் சொல்வார். படத்தைப் பார்த்து ரெகுலேற்றர் நல்லதா என்று சொல்வது, கல்யாணப் படத்தைப் பார்த்து மாப்பிள்ளை குறட்டை விடுவாரா என்று சொல்வது மாதிரி. ஆனாலும் படங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. நான் வேலை செய்த கடையிலும் இப்போது திருத்தும் மேசையை எடுத்துவிட்டார்கள். பெட்டியில் போட்டு வேறு ஊருக்கு அனுப்பினால் மூன்று கிழமையில் சீட்டு ஒட்டித் திரும்பி வருகிறதாம். அங்கே நிற்கிற புதிய ஆட்கள், "நீங்கள் எப்படித்தான் பார்த்தீர்கள், எழுதித் தாருங்கள்" என்று கேட்டார்கள். எழுதிவிட்டால் படம் அனுப்புகிறவர்களுக்கும் இதையே அனுப்பிவிடலாம் என்ற சுயநலத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நீருக்கடியில் மூழ்குகிறவர் முதுகில் சுமக்கும் சிலிண்டருக்குள் காற்று பெரிய அமுக்கத்தில் அடைபட்டிருக்கிறது. அதை நேரே வாய்க்குள் விட்டால் நுரையீரல் தாங்காது. அந்தக் காற்றை இரண்டு படியாக அடக்கி, மூச்சு இழுக்கும்போது மட்டும், இழுத்த அளவு மட்டும் தருவதுதான் ரெகுலேற்றர். சிலிண்டரின் கழுத்தில் பூட்டுகிற பித்தளைக் கட்டி முதலாம் படி. வாயில் கடித்துக்கொள்வது இரண்டாம் படி. நடுவில் ஒரு குழாய்.

இதை நான் இங்கே மொன்றியல் கோயில் மண்டபத்தில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். எல்லோரும் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார்கள். அடுத்த கிழமை காஸ் அடுப்பின் ரெகுலேற்றரைத் திருத்தக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கூரை விசிறியின் ரெகுலேற்றரை யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அதையும் திருத்திக் கொடுத்தேன், வேறு வழியில்லை.

யாழ்ப்பாணத்துக்காரன் என்றால் கடலிலேயே பிறந்தவன் என்று இங்கே ஒரு நினைப்பு உண்டு. நான் சுன்னாகத்துக்காரன். எங்கள் பக்கத்தில் இருந்த ஆழமான தண்ணீர் கிணற்றுத் தண்ணீர்தான், அதற்குள்ளும் வாளியைத்தான் இறக்கினோம். எனக்கு நீந்தத் தெரியாது. இருபத்தாறு வருடம் மற்றவர்கள் நீருக்கடியில் மூச்சு விடுகிற கருவியைத் திருத்தினேன். நான் போன ஆகக்கூடிய ஆழம் ஒரு சாண். அதைப் பிறகு சொல்கிறேன்.

மொன்றியலுக்கு வந்து முதல் நான்கு வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். பிறகு இந்த மூழ்குசாதனக் கடையில், வாடகைக்குப் போய்வந்த ரப்பர் உடுப்புகளைக் கழுவும் வேலை கிடைத்தது. அதாவது பதவி உயர்வு. அந்த உடுப்புகளுக்குள் ஆட்கள் என்னென்ன செய்வார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருநாள் கடை முதலாளி லூக் ஒரு சின்ன வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஊரில் காற்றடிக்கிற மண்ணெண்ணெய் விளக்குகளைக் கழற்றிப் பூட்டிய கை சும்மா இருக்குமா? வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை திருத்தும் மேசையில் எனக்கு ஒரு கதிரை இருந்தது. பயிற்சி வகுப்பு, சான்றிதழ், பிரெஞ்சில் எழுதிய தடித்த புத்தகங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தன. அவற்றில் பாதி எனக்கு விளங்கவில்லை. மீதியை லூக் விளங்கப்படுத்தினார்.

லூக் அதிகம் கதைக்காத மனிதர். கோபம் வந்தால் சத்தம் குறையும், மரியாதை கூடும். பிரெஞ்சில் எங்களைப் போலவே 'நீ'யும் உண்டு, 'நீங்கள்' என்பதும் உண்டு. கடையில் எல்லோரையும் அவர் 'நீ' என்பார். ஒருவரைப் பார்த்து 'நீங்கள்' என்று தொடங்கினால் அந்த ஆளின் கதை அன்றோடு முடிந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

பழைய ரெகுலேற்றர் ஒன்று மேசைக்கு வந்தால் லூக் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முதலாம் படியின் வாயை அதன் மூடியால் இறுக்கி அடைத்துவிட்டு, மறுமுனையில் மூச்சை இழுக்க வேண்டும். காற்று வரக் கூடாது. வந்தால் எங்கேயோ கிழிசல். அடுத்தது குழாய்களின் முனையில் இருக்கும் ரப்பர் உறையைப் பின்னுக்கு இழுத்து, குழாயை வளைத்து, வெளிச்சத்தில் வெடிப்புப் பார்க்க வேண்டும். விற்கிறவர்கள் குழாயைப் பளபளவென்று துடைத்து வைப்பார்கள், உறைக்குக் கீழே துடைத்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பிறகு வடி, அதாவது வடிகட்டி. காற்று உள்ளே நுழைகிற இடத்தில் சுண்டுவிரல் நகமளவு வெண்கல வடி ஒன்று இருக்கும். அது பொய் சொல்லாது என்பார் லூக். பச்சை பூத்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சிவப்பு என்றால் இரும்புச் சிலிண்டரின் துரு. கறுப்பு என்றால் காற்று நிரப்பும் இயந்திரத்தின் கரி. சாம்பல் நிறத் தூள் என்றால் அலுமினியச் சிலிண்டருக்குள் ஈரம் புகுந்து அது உள்ளே உதிர்கிறது. இந்த நான்கு நிறத்தையும் மறக்க வேண்டாம், பிறகு தேவைப்படும்.

அதற்குப் பிறகு சிலிண்டரில் பூட்டி, அமுக்கமானியைப் பொருத்தி, ஊசியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஊசி தன் குறிக்கு வந்து நிற்க வேண்டும். மெல்ல மெல்ல மேலே ஏறினால் உள்ளே வால்வு உட்காரும் இடம் தேய்ந்துவிட்டது. லூக் தன் கோப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அது ஆறும்வரை ஊசியையே பார்ப்பார். அவர் சூடான கோப்பி குடிப்பதை நான் இருபத்தாறு வருடத்தில் பார்த்ததில்லை.

கடைசியாகத் தொட்டி. கடையின் பின்னறையில் உடுப்புத் துவைக்கிற பிளாஸ்ரிக் தொட்டி ஒன்று இருந்தது. அதில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, ரெகுலேற்றரைக் கடித்துக்கொண்டு, முகத்தை உள்ளே வைத்து மூச்சு எடுக்க வேண்டும். காதுவரை ஒரு சாண். இதுதான் என் ஆழ்கடல் அனுபவம். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும், நல்லது என்றால் பச்சைச் சீட்டு, கழிவு என்றால் சிவப்பு. போடும்போது லூக் எங்கிருந்தாலும் கேட்பார்: "மூச்சு எடுத்துப் பார்த்தாயா?"

கழிவென்று எழுதவும் மூச்சு எடுக்க வேண்டுமா என்று நான் ஆரம்பத்தில் கேட்டேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், ஒரு தரம் முகம் நனைக்கிறது மிச்சமாகுமே என்ற ஆசை. லூக் சொன்னார்: "நல்லது என்று சொன்னால் ஆட்கள் இரண்டாம் தரம் கேட்பார்கள். கெட்டது என்று சொன்னால் உடனே நம்பிவிடுவார்கள். அதனால் அதற்கும் மூச்சு எடு."

படம் அனுப்புகிறவர்களுக்கு இங்கே சில வார்த்தை. 'ஒருமுறைதான் பாவித்தது' என்று விற்பார்கள். அந்த ஒருமுறை கியூபாவில், உப்புத் தண்ணீரில். அதன்பின் கழுவாமல் பையில் போட்டு, ஏழு வருடம் நிலக்கீழ் அறையில், பனிச்சறுக்குச் சப்பாத்துக்குக் கீழே. அப்படி ஒன்றை நம் ஆள் ஒருவர் பாதி விலைக்கு வாங்கி, அதையும் பேரம் பேசிக் குறைத்து, வெற்றி முகத்தோடு கொண்டுவந்தார். அதைத் திறந்து சுத்தம் செய்து உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களை மாற்றிக் கொடுத்தபோது புதிதின் விலையைத் தாண்டிவிட்டது. கையில் காசு குறைவென்றால் பழையதை வாங்குங்கள், தப்பேயில்லை. ஆனால் விலை கேட்பதற்கு முன் உதிரிப்பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று கேளுங்கள், திருத்துகிற கூலியை விலையோடு சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று, இது கெபெக் மாகாணம். இங்கே ஆடி மாதத்திலும் ஏரியின் அடியில் குளிர்பெட்டித் தண்ணீர். சூடான கடலுக்கென்று செய்த முதலாம் படி இங்கே உள்ளே உறைந்துபோகும். குளிர்நீருக்கென்று மூடி அடைத்துச் செய்ததை வாங்குங்கள். அது மினுங்குகிறதா, பெட்டி இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதுகிற நான் செய்த காரியத்தை இனிச் சொல்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன், பனி கரைகிற மாதம். கர்க்லாண்டில் இருக்கிற ராஜி கடைக்கு வந்தார். எங்கள் கோயிலில் பழக்கம், என்னைவிடச் சில வயது இளையவர், கார்டெரி என்று இங்கே சொல்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கிற வேலை. கணவர் நெடுந்தூர லொறி ஓட்டுகிறவர், கிழமையில் பாதி நாள் வீட்டில் இல்லை. அவர்களுக்கு ஒரே மகள் ஆரணி. உயிரியல் படித்து முடித்த இருபத்துநாலு வயதுப் பெண். அந்தக் கோடையில் ஏரியின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பிகளை மூழ்கி எண்ணுகிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. ரெகுலேற்றரை அவரவரே கொண்டுவர வேண்டும். புரோசார்ட்டில் ஒரு தமிழ்க் கணக்காளரிடம் பழையது ஒன்றை வாங்கிவிட்டார்கள்.

"எங்கட ஆள்தான் அண்ணை, ஏமாத்த மாட்டார்" என்றார் ராஜி.

எங்கள் ஆள் என்பது எந்த அமுக்கமானியிலும் காட்டாத ஒரு அளவு. அதை வாய்விட்டுச் சொல்லாமல், "சரி, கொண்டுவரட்டும், பாப்பம்" என்றேன்.

ராஜி போகவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த முகமூடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, ஒரு உதவி. அது சரியில்லை எண்டு சொல்லிப்போடுங்கோ."

"பாக்க முதலே எப்பிடி ராஜி?"

"பாத்திட்டே சொல்லுங்கோ. சரியில்லை, திருத்தேலாது எண்டு."

"நல்லதாயிருந்தால்?"

"நல்லதாயிருந்தாலும்தான்." அவருடைய கண் கலங்கிவிட்டது. "நான் சொன்னால் கேக்கிறாளில்லை. இவ்வளவு படிப்பிச்சு, தண்ணிக்குக் கீழ போய்ச் சிப்பி எண்ணவோ? தரையில எண்ணுறதுக்கு ஒண்டும் இல்லையோ? ரெகுலேற்றர் இல்லாட்டி அந்த வேலை இல்லை. புதுசு வாங்க அவளிட்டைக் காசும் இல்லை, நானும் குடுக்க மாட்டன். நீங்கள் சொன்னால் நம்புவாள்."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றேன் மறுபடியும். எங்கள் ஆட்களின் 'பாப்பம்' எவ்வளவு வசதியான சொல் என்பது உங்களுக்குத் தெரியும். ராஜி அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போனார். எனக்கும் அது ஓம் என்றுதான் தெரிந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து ஆரணி வந்தாள். ரெகுலேற்றரை மேசையில் வைத்தாள். குளிர்நீருக்கென்றே செய்த நல்ல வகை. கணக்காளர் ஐம்பது வயதில் வந்த உற்சாகத்தில் ஆக விலை கூடியதை வாங்கியிருக்கிறார். ஒருநாள் ஆற்றுத் தண்ணீருக்குள் காலை வைத்திருக்கிறார், உற்சாகம் அதோடு போய்விட்டது. குழாய்கள் புதிதாக இருந்தன. பார்க்கப் பார்க்க எனக்குக் கவலையாக இருந்தது. இதில் எதைக் குறை சொல்வது?

மூடியைக் கழற்றி, வடிக்கு வெளிச்சம் அடித்தேன். சாம்பல் நிறத் தூள், வடி முழுக்க. ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வேறு.

இவ்வளவு சந்தோசமாக நான் ஒரு பழுதைக் கண்டதில்லை. பொய் சொல்லத் தேவையில்லை! சாம்பல் அலுமினியம், சிவப்பு துரு. ஒரே ரெகுலேற்றருக்கு அலுமினியச் சிலிண்டரின் வருத்தமும் இரும்புச் சிலிண்டரின் வருத்தமும் ஒன்றாக வருமா என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஒரு தரம் ஆற்றங்கரை பார்த்த பொருளுக்கு இது எப்படி வந்தது என்றும் கேட்கவில்லை. ஒருநாளைக்கு நாலு பேரிடம் 'வடி பொய் சொல்லாது' என்று சொல்கிற ஆள் நான்.

"பிள்ளை, உள்ள தூள் போயிருக்கு. கழிவு" என்றேன்.

"திறந்து பாக்க ஏலாதோ அங்கிள்?"

"திறந்தால் செலவு. அந்தச் செலவுக்குப் பேந்து புதுசே வாங்கலாம்."

அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "நீங்கள் சொன்னால் சரி" என்றாள். நான் சிவப்புச் சீட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். லூக் உடுப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

"மூச்சு எடுத்துப் பார்த்தாயா?"

"ஓம்" என்றேன். பிரெஞ்சில்தான் சொன்னேன், அதனால் பொய் குறையவில்லை.

லூக் நின்று என் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு போய்விட்டார். ஆரணி ரெகுலேற்றரை எங்களிடமே விட்டாள். "பாட்ஸ் கழட்ட எண்டாலும் வைச்சிருங்கோ" என்றாள். நான் அதை மேல்தட்டில், கண்ணுக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைத்தேன். அன்று இரவு ராஜி வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறையப் பொரித்த ரோல்ஸ் வந்தது. நானும் மனைவி வசந்தியும் சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது.

ஐந்து கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராஜியின் அழைப்பு வந்தது. "அண்ணை, பிள்ளை ஆஸ்பத்திரியிலை" என்றார்.

நடந்தது இதுதான். ரெகுலேற்றர் இல்லையென்றால் வேலையை விட்டுவிடுவாள் என்று நாங்கள் இரண்டு பெரிய புத்திசாலிகளும் முடிவு செய்திருந்தோம். அவள் விடவில்லை. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் யாரோ ஒருவர் இணையத்தில் விற்ற இன்னொரு பழையதை, கையில் இருந்த காசுக்கு வாங்கியிருக்கிறாள். மினுக்கமான பொருள், சூடான கடலுக்கென்று செய்தது. என்னிடம் காட்டவில்லை. வேலை தொடங்குமுன் பழகிப் பார்க்கலாமென்று ஒரு தோழியோடு, நீர் நிரம்பிய பழைய கல்லுடைக்கும் குழி ஒன்றுக்குப் போயிருக்கிறாள். பதினைந்து மீற்றர் ஆழத்தில் முதலாம் படி உறைந்துவிட்டது. உறைந்த ரெகுலேற்றர் காற்றை நிறுத்தாது, நிறுத்தத் தெரியாமல் கொட்டும். வாய்க்குள் சூறாவளி. இரண்டு மூன்று நிமிடத்தில் சிலிண்டர் காலி. தோழி அவசரத்துக்கென்று தன்னிடம் இருந்த இரண்டாவது வாய்த்துண்டை அவளுடைய வாயில் வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்தபடி, ஏற வேண்டிய வேகத்துக்கும் கூடுதலாக ஏறி வந்திருக்கிறார்கள். ஆரணியின் வலது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. அந்தத் தோழி பத்து அடி தள்ளி நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"நல்லதெண்டால் நல்லதெண்டு சொல்லியிருக்கலாமே அண்ணை" என்று ராஜி தொலைபேசியில் அழுதார். கேட்டவரே அவர்தான். ஆனால் அது நல்லதா என்று நான் சரியாகப் பார்க்கவேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை காலை, கடை திறக்கமுன், மேல்தட்டிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன். வடியைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினேன். தூள் விழுந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். அலுமினியத் தூள் நறநறவென்று இருக்கும், இது மாவாக வழுக்கியது. முகர்ந்தேன். அன்று காலையும் அதையேதான் நெற்றியில் பூசிக்கொண்டு வீட்டிலிருந்து புறப்பட்டிருந்தேன்.

திருநீறு. சிவப்புப் புள்ளி குங்குமம். திருகுப் புரிக்குள் காய்ந்து ஒட்டியிருந்தது சந்தனம்.

வடிக்குப் பின்னால் உள்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. சிலிண்டரில் பூட்டினேன். ஊசி குறிக்கு வந்தது, நின்றது. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அது அசையவேயில்லை. நல்ல ரெகுலேற்றர் ஒன்றை நான் முழுதாக வெறுத்தது அன்றைக்குத்தான்.

லூக் வந்தார். சிவப்புச் சீட்டையும் தாளில் இருந்த தூளையும் அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திருநீறு என்றால் என்ன என்று விளங்கப்படுத்தவே கொஞ்ச நேரம் எடுத்தது. சாணத்தைச் சுட்ட சாம்பல், அதை முதலாம் படிக்குள் போட்டிருக்கிறார்கள், பக்தியால். அவர் சிரிக்கவில்லை.

"அன்றைக்கு உங்கள் மீசை காய்ந்திருந்தது" என்றார். "துடைத்துவிட்டீர்களாக்கும் என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் நினைக்க வேறு காரணம் இருக்கவில்லை. நீங்கள் ஒரு கிழமை வீட்டில் இருங்கள்."

உங்கள், துடைத்துவிட்டீர்கள், நீங்கள். எண்ணிப் பார்த்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கர்க்லாண்டுக்குப் போனேன்.

ஆரணி காதில் பஞ்சோடு சோபாவில் இருந்தாள். ராஜி தேநீர் வைத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொல்ல வந்ததைப் பாதி வழியிலேயே பாடமாக்கியிருந்தேன்.

"பிள்ளை, அது நல்ல சாமான். வடியில இருந்தது திருநீறு. நான் திறந்து பாக்கேல்லை, மூச்செடுத்தும் பாக்கேல்லை. பாத்தனான் எண்டு பொய் சொல்லி எழுதினனான். பிழை என்ரதான்."

"திருநீறோ?" ஆரணி தாயைப் பார்த்தாள்.

"வாங்கின உடனே கோயிலுக்குக் கொண்டுபோனன்தானே" என்றார் ராஜி. "கார் வாங்கினாலும் கொண்டுபோறனாங்கள். மூச்சு வாற சாமான், சும்மா குடுத்து விடேலுமோ? எந்தப் பக்கத்தால காத்து உள்ள போகும் எண்டு ஐயர் கேட்டார். நான்தான் மூடியைக் கழட்டிக் காட்டினன். அதுதானே முக்கியமான இடம்."

ஆரணி சிரிக்கத் தொடங்கினாள். காது வலித்ததால் பாதியில் நிறுத்தினாள். நானும் அதோடு எழும்பிப் போயிருப்பேன். ராஜி கடைக்கு வந்து கேட்ட உதவியை நான் ஆரணியிடம் சொல்வதாக இருக்கவில்லை. ராஜி தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார்.

"அவரில பிழை இல்லை. சரியில்லை எண்டு சொல்லச் சொல்லி நான்தான் போய்க் கேட்டனான்."

ஆரணி எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ராஜி என்னைப் பார்த்தார், நான் தேநீரைப் பார்த்தேன். பத்து நிமிடமிருக்கும். கதவு திறந்தது. அவள் அழுதிருந்தாள், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"அங்கிள், அதை முழுக்கத் திறந்து செய்யுங்கோ. நான் நிண்டு பாப்பன். அம்மாவும் வரோணும். முடிய நீங்கள் மூச்செடுங்கோ, எங்களுக்கு முன்னால."

என் வீட்டுச் சிறை முடிந்த மறுநாள் மூவரும் பின்னறையில் நின்றோம். ரெகுலேற்றரைக் கடைசித் திருகாணிவரை கழற்றினேன். லூக் கதவடியில் கோப்பியோடு நின்றார். வளையம் வளையமாக மாற்றினேன், வடியைப் புதிதாகப் போட்டேன். அமுக்கமானியின் ஊசியை நால்வரும் பார்த்தோம். பிறகு தொட்டியில் தண்ணீரை நிரப்பி, கடித்துக்கொண்டு, முகத்தை உள்ளே வைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து யாரோ என் சட்டைக் கொலரை இறுக்கிப் பிடித்தார்கள். ராஜி. துணி துவைக்கிற தொட்டிக்குள் நான் மூழ்கிப் போய்விடுவேன் என்று பயந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, ரெகுலேற்றரைக் கடித்துக்கொண்டு சிரிக்க முடியாது. நான் வழக்கமாக ஐந்தாறு மூச்சு எடுப்பேன். அன்று எண்ணவில்லை, நெடுநேரம் அப்படியே இருந்தேன். காற்று கேட்டபோது வந்தது, கேட்காதபோது நின்றது.

தலையைத் தூக்கினேன். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. லூக் பச்சைச் சீட்டை நீட்டினார்.

"மூச்சு எடுத்துப் பார்த்தாயா?"

அந்தப் 'பார்த்தாயா'வுக்குள் இருந்த 'நீ'யைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகம் ஏற்கனவே நனைந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ஆரணி அந்தக் கோடையில் மூழ்கவில்லை, காது ஆற வேண்டியிருந்தது. படகில் இருந்து மற்றவர்கள் கொண்டுவந்த சிப்பிகளை எண்ணினாள். அடுத்த கோடையில் இறங்கினாள். இன்றுவரை அதே ரெகுலேற்றர்தான். ஒரு கோடை முழுக்க அவளுக்குப் போனதற்கு நான்தான் காரணம், அதை எந்தச் சீட்டிலும் எழுதவில்லை.

சரி, படம் அனுப்புகிறவர்களே, பழையது வாங்குவது எப்படி என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். இனிப் படம் அனுப்ப வேண்டாம். எப்படியும் அனுப்புவீர்கள் என்று தெரியும்.

ராஜி மட்டும் படம் அனுப்புவதில்லை, வருடத்துக்கு ஒருதரம் நேரில் வருகிறார். ரெகுலேற்றர் வேறு ஊருக்குப் போய், முறையாகத் திறந்து செய்து, சீட்டோடு திரும்பி வந்திருக்கும். அந்தச் சீட்டை அவர் வாசிப்பதில்லை. ஆரணி ஏரிக்குப் புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை அதை என் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். பையில் கோயில் வாசம் இருக்கும். திருநீறு குழாயின் மேல் மூன்று கோடாக, வெளியே மட்டும். மூடி இறுக்கிப் பூட்டியிருக்கும், அதற்கு மேலே ஒரு ரப்பர் பட்டி, அதற்கு மேலே ஒரு பிளாஸ்ரிக் உறை. ஆரணியிடம் இரவல் வாங்கிய சின்னச் சிலிண்டர் ஒன்று காருக்குள் சீற் பெல்ற் போட்டு இருக்கும்.

எங்கள் நிலக்கீழ் அறையிலும் உடுப்புத் துவைக்கிற தொட்டி ஒன்று உண்டு. வசந்தி முணுமுணுத்துக்கொண்டே அதைக் காலி பண்ணித் தருகிறாள். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ரெகுலேற்றரைக் கடித்துக்கொண்டு குனிகிறேன். தண்ணீர் காதுவரை வரும்போது கொலரில் அந்தக் கை வந்து பிடிக்கிறது.